எட்டு மில்லிமீட்டர் பொய்

அத்தியாயம் 5

காலை பத்து மணிக்கு எங்களிடம் இருந்தது ஓர் ஊசி, ஜெல்லியில் செய்த ஒரு நெஞ்சு, பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்தாகப் போகும் ஒரு வேலைநீக்கக் கடிதத்தின் நகல். துப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

"துப்பு இல்லாம இருக்கறது நமக்கென்ன புதுசா அண்ணி?" என்றேன்.

அண்ணி வாயிலிருந்த பெப்பர்மின்ட்டை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினார். 'வாயை மூடு' என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே மேசையில் உட்கார்ந்து துப்பறியும் தொழில் செய்கிறார்கள் என்றால் யாரும் நம்புவதில்லை. அதுதான் பெரிய மர்மம் என்கிறார் என் அண்ணன். அவர் வீட்டில் சமைக்கிறார். அண்ணி இதற்குமுன் பதினெட்டு வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவர். காணாமல் போன புத்தகங்களைத் தேடித் தேடியே கண் கூர்மையானவர். "எதுவும் தொலையறதில்ல, தப்பான அலமாரியில இருக்கும், அவ்வளவுதான்" என்று நாளைக்குப் பத்து தடவை சொல்வார். அதைப் பத்து தடவையும் கேட்பது என் தலையெழுத்து.

வழக்கைக் கொண்டுவந்தவள் என் பள்ளித் தோழி. இந்த மருத்துவமனையின் ஊசி அறையில் டெக்னீஷியன். முழுப் பட்டப்பெயர் மில்லிமீட்டர், கூப்பிடுவதற்கு மில்லி. ஐந்தாம் வகுப்பில் அழிரப்பரில் பாதி கேட்டால் ஸ்கேல் வைத்து அளந்து வெட்டிக் கொடுத்த மகராசி. அப்படிப்பட்டவள்மேல்தான் எட்டு மில்லிமீட்டர் பழி விழுந்திருந்தது.

"முதல்லேர்ந்து சொல்லும்மா," என்றார் அண்ணி. "இவளுக்குப் புரியற மாதிரி சொன்னா போதும், எல்லாருக்கும் புரிஞ்சிடும்."

மில்லி கட்டிலைக் காட்டினாள். பேருக்குக்கூட இரும்பு இல்லாத கட்டில். அதன் மெத்தைக்கு அடியில் பரீட்சை அட்டை அளவுக்கு ஒரு தட்டு.

"இந்தத் தட்டுலேர்ந்து காந்தப் புலம் வரும். ஊசி முனைக்குள்ள தலைமுடி மாதிரி மெல்லிசா ஒரு கம்பிச்சுருள் இருக்கு. அந்தப் புலத்துல சுருள் எங்க இருக்குன்னு மெஷின் கணக்குப் போட்டு, ஏற்கெனவே எடுத்த ஸ்கேன் படத்து மேல ஒரு பச்சைப் புள்ளியா காட்டும். நெஞ்சுக்குள்ள ஊசி எங்க போகுதுன்னு டாக்டர் கண்ணுக்குத் தெரியாதில்ல? அந்தப் புள்ளியைப் பாத்துதான் போவார்."

"டாக்ஸிக்காரர் ஃபோன்ல மேப் பாக்கற மாதிரி," என்றேன்.

"அதேதான். நுரையீரல்ல பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி இருந்தா, நேரா அங்க போய் ஒரு துளி எடுத்துட்டு வரணும்."

"பக்கத்துல இரும்பு இருந்தா?" அண்ணி கேட்டார்.

"புலம் வளைஞ்சிடும். ஊசி ஓர் இடத்துல இருக்கும், புள்ளி இன்னோர் இடத்துல நிக்கும். மெஷின் பொய் சொல்லும். பொய் சொல்றோம்னு அதுக்கே தெரியாது."

"எங்க அண்ணன் மாதிரி," என்றேன். பெப்பர்மின்ட் மறுபடி கன்னம் மாறியது.

மில்லி ஜெல்லி நெஞ்சைத் தட்டிக் கொடுத்தாள். "தினமும் காலையில மாப்பிள்ளையை வெச்சு சோதிப்பேன்."

"யாரு மாப்பிள்ளை?"

"இவர்தான். ஒரு வேலையும் செய்யாம படுத்திருப்பார், நாலு பேர் சுத்தி நின்னு கவனிச்சுக்கணும். வேற என்ன பேர் வைக்கறது? இவருக்குள்ள ஒரு மணி புதைச்சிருக்கு. ஊசி மணியைத் தொடறப்போ புள்ளியும் மணிமேலேயே நிக்கணும். ஒரு மில்லிமீட்டருக்குள்ள நிக்குது. பதிவேட்டுல எழுதறேன். அரை மணி கழிச்சு நோயாளி வந்து படுக்கறார். நெஞ்சுமேல ஒட்டியிருக்கற குறியில ஊசி முனையை வெச்சுப் பாக்கறோம். புள்ளி எட்டு மில்லிமீட்டர் தள்ளி நிக்குது! நல்லவேளை, தோலைத் தாண்டறதுக்கு முன்னாடியே டாக்டர் நிறுத்திடறார். எழுப்பி அனுப்பிடறோம். மூணு வாரமா இதே கூத்து."

"மாப்பிள்ளைன்னா சரி, மனுஷன்னா தப்பு," என்றார் அண்ணி மெதுவாக.

"அதனால நான் சோதிக்காமலே பொய்யா எழுதறேன்னு முடிவு கட்டிட்டாங்க. பதிவேட்டைக்கூட உறையில போட்டு சீல் வெச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க." அவள் குரல் உடைந்தது. "அந்தப் பேரோட வெளிய போனா எந்த ஆஸ்பத்திரிடி என்னை உள்ள விடும்? என் பொண்ணு ஸ்கூல்ல கட்டுரை எழுதியிருக்கா. 'எங்க அம்மா ஊசிக்கு வழி சொல்றவங்க'ன்னு."

 யாராவது அழுதால் எனக்குக் கடி ஜோக்தான் வரும். அது வருவதற்குள் அண்ணி என் காலை மிதித்துவிட்டார்.

*

நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போகிற வழியெல்லாம் பலகைகள். 'மெதுவாகப் பேசவும்.' 'பேசாமலிருந்தால் இன்னும் நல்லது.' 'இடது பக்கமாக நடக்கவும்.' 'பலகைகளைத் தொடாதீர்.' எல்லாம் வெள்ளை வெளேரென்று ஒரே அளவில், ஒரே நீல எழுத்தில் இருந்தன. ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரும் பலகைதான்.

பலகை மெலிந்த மனிதர். சட்டைப் பையில் நான்கு பேனாக்கள். மேசையில் கடிதத்தின் அசல், அதன்மேல் ஐந்தாவது பேனா.

"எனக்கு அந்தப் பொண்ணு மேல விரோதம் ஒண்ணும் இல்ல. விதின்னா விதி. பெரிய டாக்டர் கேட்டுக்கிட்டார்னு பன்னிரண்டு மணி வரைக்கும் நேரம் கொடுத்திருக்கேன். முதல் நாள் மெஷின் தப்புக் காட்டினப்போ நான் என்ன பண்ணினேன்? மறுநாளே உலோகத் தடை! மோதிரம், வாட்ச், சாவி, பேனா எல்லாம் வாசல்லேயே ஒரு கூடையில. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியா எச்சரிக்கை. இத்தனைக்கும் அப்புறம் தப்பு வருதுன்னா, ஆள்தானே காரணம்?"

அண்ணி கோப்பைப் புரட்டினார். "முதல் நாள் எவ்வளவு தள்ளிக் காட்டுச்சு?"

"ரெண்டு மில்லிமீட்டர்."

"தடைக்கு அப்புறம்?"

"எட்டு."

அண்ணி கோப்பை மூடினார். பெப்பர்மின்ட் அசையவே இல்லை. அது அசையாமல் இருந்தால்தான் நான் பயப்படுவேன்.

இதற்கிடையில் என் கை ஒரு காரியம் செய்திருந்தது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சின்னப் பொருள் ஏதாவது கண்ணில் பட்டால் கை தானாகப் போய் எடுத்துவிடும். பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவேன், பெரும்பாலும். பலகையின் இரும்பு பீரோவில் காலண்டரைப் பிடித்துக்கொண்டிருந்த ஸ்ட்ராபெரி வடிவக் காந்தம் இப்போது என் பையில் இருந்தது. காலண்டர் தொப்பென்று விழுந்தது.

"காத்து," என்றேன்.

வெளியே வந்ததும் அண்ணி கையை நீட்டினார். நான் ஸ்ட்ராபெரியைக் காட்டினேன்.

"ஊசி அறைக்குள்ள இதைக் கொண்டு போயிடாத, தாயே. உன் தோழிக்கு இருக்கற தலைவலி போதும்."

*

ஊசி அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். வயது அறுபதுக்கு மேல். இரண்டு முறை படுக்கவைத்து எழுப்பி அனுப்பப்பட்டவர். மூன்றாவது முறையாக இன்று வந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அதன் இரண்டு முனையிலும் இருந்த பித்தளைத் துண்டுகளை சிஸ்டர் வெட்டி எடுத்துவிட்டாராம்.

"உலோகத் தடைம்மா," என்றார் அவர் வருத்தத்தோடு. "நானும் ஊசி பிடிக்கறவன்தான், நாப்பது வருஷமா. ஊசி எங்க போகுதுன்னு தெரியாம குத்தினா துணி பாழாயிடும். இங்க துணி நான்தான்."

"டெக்னீஷியன் பொண்ணைப் பத்தி என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார் அண்ணி.

"தங்கமான பொண்ணு. என் நெஞ்சுல குறி ஒட்டறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அளந்தா. என் கடையில ஒருத்தன்கூட ரெண்டு தடவை அளக்க மாட்டான். அதனாலதான் பாதி சட்டைக்கு ஒரு கை நீளமா இருக்கு."

"உள்ள வேற ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சுதா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "டாக்டரோட இடுப்பு."

"என்னது?"

"ஓ.பி. அறையில பாத்தப்போ நாப்பது இஞ்ச். இங்க உள்ள பாத்தப்போ முப்பத்தாறரை. ரெண்டு தடவையும் அப்படித்தான். என் கண்ணு தப்பா அளக்காது. ஒரு மாடி ஏறி வர்றதுக்குள்ள யாருக்கும்மா மூணரை இஞ்ச் குறையும்?"

"லிஃப்ட் ரிப்பேர்னா குறையலாம்," என்றேன்.

அண்ணி எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

*

வாசலில் இருந்த கூடையில் என் வளையல், சாவி, ஸ்ட்ராபெரி எல்லாவற்றையும் போட்டேன். உள்ளே மாப்பிள்ளை கட்டிலில் மல்லாந்திருந்தார். ஊசி முனை அவருக்குள் இருந்த மணியைத் தொட்டபடி நின்றது. மில்லி அதை ஒரு மரத் தாங்கியில் பொருத்தியிருந்தாள். திரையில் பச்சைப் புள்ளி மணியின் நடுவில் சமர்த்தாக நின்றது.

"ஒவ்வொருத்தரா கட்டில்கிட்ட வாங்க," என்றார் அண்ணி. "புள்ளி யாரைப் பாத்து வெட்கப்படுதுன்னு பாப்போம்."

முதலில் நான் போய்க் குனிந்தேன். புள்ளி அசையவில்லை. அண்ணி குனிந்தார். அசையவில்லை. பெரிய சிஸ்டர் வந்தார். முப்பது வருட அனுபவம், முப்பது வருடமாகச் சிரிக்காத முகம். புள்ளியும் அவருக்கு மரியாதை கொடுத்து அப்படியே நின்றது.

பிறகு பெரிய டாக்டர் வந்தார். விறைப்பாக நடந்து வந்து, விறைப்பாக நின்று, கஷ்டப்பட்டுக் குனிந்தார். புள்ளி நகர்ந்தது.

"ரெண்டு," என்றாள் மில்லி மூச்சடக்கி. "சரியா ரெண்டு மில்லிமீட்டர்."

"டாக்டர்," என்றார் அண்ணி, நூலகத்தில் தாமதமாகப் புத்தகம் கொண்டுவந்தவரிடம் பேசும் குரலில், "அந்தத் திரைச்சீலைக்குப் பின்னாடி போய், இடுப்புல இருக்கறதைக் கழட்டி வெச்சுட்டு வர்றீங்களா?"

டாக்டரின் முகம் சிவந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் போனார். 'சர்ர்ர்' என்று ஒட்டுப்பட்டை பிரியும் சத்தம் நீளமாகக் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு. முதலில் வயிறு வெளியே வந்தது. அதன் பின்னால் டாக்டர் வந்தார்.

கையில் வயிறு அமுக்கும் பெல்ட். அதற்குள் வரிசையாக எட்டு இரும்புப் பட்டைகள்.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பயிற்சி டாக்டருங்க நின்னு பாக்கறாங்க," என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு. "போட்டோ வேற எடுக்கறாங்க. சத்தியமா உள்ள இரும்பு இருக்கறது எனக்குத் தெரியாது. மூணு வாரம் முன்னாடிதான் வாங்கினேன், பெட்டியில 'மறைவான தாங்கு சக்தி'ன்னுதான் போட்டிருந்தது." மில்லியின் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சிடும்மா. உன்னை சந்தேகப்பட விட்டுட்டு நான் வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு நின்னிருக்கேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மில்லியைக் கட்டிக்கொண்டேன். சத்தம் கேட்டுப் பலகையும் கடிதத்தோடு வந்து வாசலில் நின்றார்.

"அப்போ காரணம் தெரிஞ்சுடுச்சு?" என்றார். அவர் முகத்தில்கூட ஒரு நிம்மதி தெரிந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

"தெரிஞ்சுடுச்சு!" என்றேன் நான்.

"இல்ல சார்," என்றாள் மில்லி.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"இது ரெண்டு மில்லிமீட்டர்தான். பதிவுல இருக்கறது எட்டு. மீதி ஆறுக்குக் காரணம் தெரியாம முடிஞ்சுதுன்னு சொல்ல முடியாது."

"அடிப்பாவி!" என்று கத்திவிட்டேன். "உன்னை அவங்ககிட்டேர்ந்து காப்பாத்தறதா, உன்கிட்டேர்ந்து காப்பாத்தறதா?"

"பொய் சொன்னேன்னுதானே என்னை அனுப்பறாங்க? இங்கேயே நின்னு ஒரு பொய் சொல்லச் சொல்றியா?" கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் கை ஊசித் தாங்கியை அசையாமல் பிடித்திருந்தது.

டாக்டர் தலையசைத்தார். "அவ சொல்றது சரி. ஆறு மில்லிமீட்டர் கணக்கு தெரியாம நான் யார் நெஞ்சுலயும் குத்த மாட்டேன்."

பலகை கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று இருபது. "அப்போ பன்னிரண்டுக்கு வர்றேன்," என்றார். பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே போனார்.

*

"ரெண்டு கெடச்சுது," என்றார் அண்ணி. "மீதி ஆறும் இந்தக் கட்டடத்துலதான் ஏதோ தப்பான அலமாரியில இருக்கு."

"அண்ணி, இன்னொரு தடவை அலமாரின்னு சொன்னீங்க, நான் அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்."

"யோசிச்சுப் பாரு. முதல் நாள் ரெண்டு. அது டாக்டர் வயிறு. மறுநாள் உலோகத்தையெல்லாம் வெளிய அனுப்பிட்டாங்க. தப்பு குறையணும் இல்லையா? எட்டா ஏறியிருக்கு. அப்படின்னா தடையோட சேர்ந்து ஏதோ ஒண்ணு உள்ள வந்திருக்கு. அது மனுஷனோட வருது. மாப்பிள்ளையோட வர்றதில்ல."

"மாப்பிள்ளையை யாருமே நோயாளியா நடத்தறதில்லையே," என்றாள் மில்லி.

பெப்பர்மின்ட் கடக்கென்று உடைபடும் சத்தம் கேட்டது. அண்ணி கடித்து விழுங்கிவிட்டார்.

"அதான்! மாப்பிள்ளையை அட்மிட் பண்ணுங்க."

டாக்டர் ஃபோனில் "என்னன்னு கேக்காத, போட்டுக் கொடும்மா" என்று சொல்லியும்கூட, சேர்க்கைக் கவுன்ட்டரில் இருந்த பெண் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள்.

"நோயாளி பேர்?"

"மாப்பிள்ளை."

"வயசு?"

"ரெண்டரை."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"பேர்லேயே இருக்கேம்மா."

"புகைப்பழக்கம், குடிப்பழக்கம்?"

"ஒண்ணும் கிடையாது. ரொம்ப நல்ல இடம்."

"அலர்ஜி?"

"வெயில்ல வெச்சா உருகிடுவார்."

"கூட வந்தவங்க உறவு?"

"மச்சினி," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாப்பிள்ளைக்கு மணிக்கட்டு இல்லாததால் அடையாளப் பட்டையை அவர் மேல் போர்த்திய போர்வையின் ஓரத்தில் கட்டினார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். ஒரு வார்டு உதவியாளர் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் தள்ளிக்கொண்டு வந்தார். பெஞ்சிலிருந்த தையல்காரர் எழுந்து நின்றார்.

"இவர் யாரும்மா எனக்கு முன்னாடி? மூணு வாரமா வரிசையில நிக்கறது நானு!"

"அவசர கேஸ் ஐயா," என்றேன். "பையனுக்கு எலும்பே இல்ல."

அவர் 'ஐயோ பாவம்' என்று உட்கார்ந்துவிட்டார்.

கதவுக்கருகே பெரிய சிஸ்டர் காத்திருந்தார். போர்வையை விலக்கி ஜெல்லியைப் பார்த்தார். அடையாளப் பட்டையைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். எல்லாம் விதிப்படி இருந்தது. முகத்தில் ஒரு தசைகூட அசையாமல், "மோதிரம், செயின், பல்செட் ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார். மாப்பிள்ளை லேசாக ஆடினார். 'இல்லை' என்று சிஸ்டர் கோப்பில் குறித்துக்கொண்டார். எனக்கு அந்த அம்மாவை அப்போதே பிடித்துவிட்டது.

மாப்பிள்ளையைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். மில்லி தாங்கியைப் பொருத்தி, ஊசியை மணியில் வைத்தாள். டாக்டர் பெல்ட் இல்லாமல் தாராளமாக நின்றார். பலகை வாசலில் வந்து நின்றார், ஒரு கையில் கடிதம், மற்றொரு கையில் பேனா. மணி பதினொன்று ஐம்பது. திரையில் புள்ளி மணியின் நடுவில் நின்றது.

"சரியாத்தான் இருக்கு," என்றாள் மில்லி. குரலிலிருந்து நம்பிக்கை வடிந்துகொண்டிருந்தது. "அண்ணி, ஒண்ணுமே மாறல."

"இன்னும் முடியலையே. சிஸ்டர், நோயாளி படுத்ததுக்கு அப்புறம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எச்சரிக்கை வைப்பேன்," என்றார் சிஸ்டர்.

கதவின் பின்புறக் கொக்கியிலிருந்து ஒன்றை எடுத்தார். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். டாக்டரின் கண்ணுக்கு நேராக, கட்டிலின் பக்கவாட்டில், தட்டுக்கு ஒரு சாண் தள்ளி மாட்டினார். வெள்ளைப் பலகை, நீல எழுத்து.

'உலோகப் பொருட்களுக்குக் கண்டிப்பாக அனுமதி இல்லை.'

பச்சைப் புள்ளி மணியை விட்டு விலகிப் போய் நின்றது.

"ஆறு!" மில்லி அலறினாள். "அண்ணி, ஆறு! ஆறேதான்!"

"என்ன ஆறு? அது வெறும் பலகை!" என்று பாய்ந்து வந்தார் பலகை. "உலோகம் கூடாதுன்னு சொல்றதே அதுதானே!"

"ஏய்," என்று அண்ணி என்னைப் பார்த்தார். "எடுத்தியே, அதைக் கொண்டா."

"எதை அண்ணி?"

"நாடகம் போதும்."

கூடையிலிருந்து கொண்டுவந்தேன். அண்ணி பலகையைக் கழற்றி வாசலுக்கு வெளியே எடுத்துப் போனார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். ஸ்ட்ராபெரியைக் கிட்டே கொண்டுபோனார். 'டக்'. அது 'அனுமதி'க்கும் 'இல்லை'க்கும் நடுவில் போய் ஒட்டிக்கொண்டது.



"அது என் பீரோவில இருந்த ஸ்ட்ராபெரி இல்ல?" என்றார் நிர்வாக அதிகாரி ஈனஸ்வரத்தில்.

"அதை அப்புறம் பேசலாம். இந்தப் பலகையை எதுல செய்யச் சொன்னீங்க?" என்றார் அண்ணி.

அவர் எச்சில் விழுங்கினார். "மத்ததெல்லாம் பிளாஸ்டிக். அடிக்கடி உடையுது. இது தினமும் மாட்டிக் கழட்டற பலகை, முக்கியமான பலகை, அதனால கெட்டியான இரும்புத் தகட்டுல செய்யுங்கன்னு... நான்தான் ஆர்டர் போட்டேன்."

"தினமும் அதுக்கு நேரா நின்னு படிச்சேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் டாக்டர்.

"எல்லாரும் படிச்சிருக்கீங்க. ஒருத்தராவது தொட்டுப் பாத்தீங்களா?" என்றார் அண்ணி.

டாக்டர் நடைபாதைச் சுவரைக் காட்டினார். 'பலகைகளைத் தொடாதீர்.'

"நான் தொட்டேன்," என்றார் பெரிய சிஸ்டர். "கனமாத்தான் இருந்தது. நோயாளியோட மாட்டணும், நோயாளியோட கழட்டணும்னு ஆர்டர். எவ்வளவு கனம்னு யோசிக்கச் சொல்லி ஆர்டர் இல்ல." சொல்லிவிட்டு, முப்பது வருடத்தில் முதல்முறையாக இருக்கும், சிரித்தார். சிரிப்பு வந்ததும் நிறுத்தத் தெரியவில்லை அவருக்கு. டாக்டரின் வயிறு குலுங்கியது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மில்லி மட்டும் அழுதாள். மூன்று வாரமாக அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. அண்ணி அவள் தோளில் கை போட்டு, பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்துக் கொடுத்தார். எனக்கு அவர் இதுவரை ஒன்றுகூடக் கொடுத்ததில்லை.

மில்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பலகை இல்லாமல், பெல்ட் இல்லாமல், எல்லோரும் சுற்றி நிற்க, மாப்பிள்ளையை மறுபடியும் சோதித்தாள். பிறகு இன்னொரு தடவை சோதித்தாள்.

"பூஜ்யம் புள்ளி ஆறு," என்றாள். "ஒரு மில்லிமீட்டர்கூட இல்ல."

"பதிவு பண்ணும்மா," என்றார் டாக்டர்.

"பதிவேடு சார் பீரோவில சீல் வெச்சு இருக்கு. சோதிச்ச உடனே எழுதணும்னு விதி." அவள் சுற்றிப் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த காகிதம் ஒன்றுதான். நிர்வாக அதிகாரியின் கையிலிருந்த கடிதத்தைப் பணிவாக வாங்கினாள். திருப்பினாள். பின்பக்கத்தில் தேதி, நேரம், 'மாப்பிள்ளை: பிழை 0.6 மி.மீ., பலகை நீக்கப்பட்டது' என்று அச்சடித்த மாதிரி எழுதினாள்.

"சாட்சிக் கையெழுத்து வேணும் சார்," என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். "என்னை மன்னிச்சுக்கோம்மா," என்றார் மெதுவாக.

நடைபாதைக் கடிகாரம் பன்னிரண்டு காட்டியபோது, சொன்னபடியே அந்தக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். பின்பக்கத்தில்.

பதிவேடு வரும்வரை அதைப் பத்திரமாக எங்கே வைப்பது? நடைபாதையின் கோடியில் சாத்தி வைத்திருந்த இரும்புப் பலகையிலேயே, எழுதிய பக்கம் தெரிகிற மாதிரி, ஸ்ட்ராபெரியால் ஒட்டினேன். தையல்காரர் எழுந்து வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, உனக்கு வேலை போகுதுன்னு பேசிக்கிட்டாங்களே. என் கடைக்கு வந்துடறியா? ரெண்டு தடவை அளக்கற ஆள்தான் எனக்கு வேணும்."

மில்லி மூக்கை உறிஞ்சினாள். கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"எனக்கு வேலை இருக்கு ஐயா," என்றாள். "உள்ள வாங்க."